ஸ்கூலுக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கலாமா? மதுரைப் பெற்றோர் முதலில் போட வேண்டிய கணக்கு

மதுரை அரசரடி பக்கம் இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அப்பாவுக்கு வொர்க் ஃப்ரம் ஹோம், அம்மா வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. காலை 9.30. தெருவில் ஸ்கூல் வேன் எல்லாம் போய் முடிந்துவிட்டது. எட்டு வயது மகள் மட்டும் ஹாலில் குப்புறப் படுத்துக்கொண்டு கதைப் புத்தகம் படிக்கிறாள். யூனிஃபார்ம் இல்லை, பெல் இல்லை, டைரியில் கையெழுத்து இல்லை.

பெல் அடிக்கிறது. வாசலில் பக்கத்து அரசுப் பள்ளி டீச்சர், கையில் ஒரு படிவம். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு. “பாப்பா எந்த ஸ்கூல்ல படிக்குதுங்க?”

இந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் என்ன பதில் சொல்வது? ‘ஹோம்ஸ்கூலிங்’ பற்றி யூடியூபில் நூறு வீடியோ பார்த்தவர்கள்கூட இங்கேதான் தடுமாறுவார்கள். பாடம் நடத்துவதை எப்படியாவது சமாளித்துவிடலாம். தலைவலியே காகிதத்தில்தான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் 10ஆவது பிரிவு. ஆனால் சேர்க்காவிட்டால் பெற்றோருக்கு இன்ன தண்டனை என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அபராதம் உண்டு, ஆனால் அது அங்கீகாரம் வாங்காமல் பள்ளி நடத்துகிறவர்களுக்கு: ஒரு லட்சம் ரூபாய் வரை. அபார்ட்மெண்ட்டில் நாலு குடும்பம் சேர்ந்து ஒரு டீச்சரை வைத்துப் பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கலாம் என்று யோசிப்பவர்கள், அதை ‘பள்ளி’ என்று அதிகாரிகள் பார்க்க வாய்ப்பிருப்பதை மறந்துவிடக் கூடாது.

வீட்டில் படித்துவந்த ஒரு மாணவி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கில், 2012இல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. விரும்பி வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் அதைத் தொடரலாம் என்றது. வீட்டுக்கல்விக் குடும்பங்கள் இன்றுவரை அதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் அது ஒரு வழக்கில் அரசு சொன்ன நிலைப்பாடு. சட்டப் புத்தகத்தில் ஏறிய வரி அல்ல.

ஜெர்மனியில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும். அமெரிக்காவில் எல்லா மாகாணங்களிலும் வீட்டுக்கல்விக்கு அனுமதி உண்டு. நம் ஊர் நிலைமை இரண்டுக்கும் நடுவில்: தடையும் இல்லை, பட்டயமும் இல்லை.

வீட்டில் வாசிப்பு எப்படி நடக்கும்?

வீட்டுக்கல்வியின் உயிர் வாசிப்பு. 40 நிமிஷத்துக்கு ஒரு பீரியட் என்ற கணக்கு இல்லாததால், ஒரு புத்தகத்தை எடுத்தால் மத்தியானச் சாப்பாடு வரை அதிலேயே கிடக்கலாம். பள்ளியில் கிடைக்காத சொத்து இது.

ஆனால் தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. மதுரைப் பிள்ளை வீட்டில் “அங்கிட்டு போறேன்” என்று பேசும். புத்தகத்தில் “அந்தப் பக்கம் போகிறேன்” என்றிருக்கும். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள இந்த இடைவெளியைப் பள்ளியில் வருஷக்கணக்கில் சத்தம் போட்டு வாசிப்பதும், சொல்வதெழுதுவதும், மனப்பாடமும் சேர்ந்து அடைக்கின்றன. வீட்டில் அந்த வேலையை யார் செய்வது? பெற்றோர்தான், தினமும் வாய்விட்டு வாசித்துக் காட்டி. காதில் எழுத்துத் தமிழ் விழாத பிள்ளைக்கு, எழுத்துக் கூட்டத் தெரிந்தாலும் கதை புரியாது.

இதில்தான் பல குடும்பங்கள் சறுக்குகின்றன. ஆன்லைனில் கிடைக்கும் ஹோம்ஸ்கூல் பாடத்திட்டங்களில் பெரும்பாலானவை ஆங்கிலம். பிள்ளை சரளமாக ஆங்கிலத்தில் தடிப்புத்தகம் படிக்கும், தமிழில் பஸ் போர்டு வாசிக்கத் திணறும். “தாத்தா பாட்டியோட பேசுதே, போதும்” என்று விட்டுவிடுவார்கள். பேசுவது வேறு, படிப்பது வேறு.

பொருளுக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எல்லாமே இணையத்தில் இலவசம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் படக்கதைகள் தமிழில் நிலைவாரியாக இருக்கின்றன. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழ் 1980களிலிருந்து வருகிறது. பாரதி புத்தகாலயம் சிறுவர் நூல்களுக்கென்றே தனி வரிசை வைத்திருக்கிறது. பெற்றோருக்கே படிக்கக் கொடுக்க வேண்டும் என்றால் ‘டோட்டோ சான்’ தமிழில் உண்டு. (அதில் வருவதும் ஒரு பள்ளிதான், வீடு அல்ல. ஆனாலும் வீட்டுக்கல்விக் குடும்பங்களின் அலமாரியில் அதற்கு ஓர் இடம் உண்டு.)

மதுரைக்காரர்களுக்கு இன்னொரு வசதி. புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15இல் திறக்கப்பட்டது. 2 லட்சம் சதுர அடிக்கு மேல், குழந்தைகளுக்குத் தனிப் பகுதியோடு. வார நாள் காலையில் மற்ற பிள்ளைகள் எல்லாம் வகுப்பில் இருக்கும்போது அங்கே போக முடிவது வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு மட்டும் கிடைக்கிற சலுகை. சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம். அந்தப் பக்கம் கீழடி அருங்காட்சியகம், இந்தப் பக்கம் கீழக்குயில்குடி சமணர் மலை. பாடநூலில் நாலு பக்கமாக வரும் தமிழி எழுத்தை மாங்குளம் மலையிலேயே பார்த்துவிட்டு வரலாம். ‘ஃபீல்ட் ட்ரிப்’புக்கு வேன் பிடித்து, கன்சென்ட் ஃபார்மில் கையெழுத்து வாங்கி, வருஷத்துக்கு ஒரு தடவை போகிற கதை இல்லை.

சரி, சர்ட்டிஃபிகேட்?

வழி இரண்டு. ஒன்று, என்ஐஓஎஸ் எனும் தேசிய திறந்தநிலைப் பள்ளி. 1989இல் தொடங்கிய மத்திய அரசு அமைப்பு. பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது முடிந்திருக்க வேண்டும், பன்னிரண்டாம் வகுப்புக்கு 15. நீட் எழுதலாமா என்ற பழைய சந்தேகமும் தீர்ந்துவிட்டது: திறந்தநிலைப் பள்ளி மாணவர்களுக்கு இருந்த தடையை டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் நீக்கியது, 2024இல் உச்ச நீதிமன்றமும் அவர்கள் எழுதலாம் என்று முடித்துவைத்தது.

இன்னொன்று, அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தனித்தேர்வு. எட்டாம் வகுப்புத் தேர்வுக்கு 12½ வயது, நேரடியாகப் பத்தாம் வகுப்பு எழுத 14½ வயது முடிந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கும் பெயர் பதிந்து வகுப்புக்குப் போக வேண்டும். தமிழ்த் தாளும் உண்டு, அதனால்தான் மேலே அவ்வளவு புலம்பல்.

சான்றிதழே வேண்டாம், திறமை போதும் என்று வாதாடுபவர்கள் மும்பையின் மாளவிகா ஜோஷியைச் சொல்வார்கள். வீட்டில் படித்தவர்; சர்வதேச கம்ப்யூட்டர் ஒலிம்பியாடில் பதக்கங்கள் வாங்கி 2016இல் அமெரிக்காவின் எம்ஐடியில் இடம் பிடித்தார். அதே கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும்: பன்னிரண்டாம் வகுப்புச் சான்று இல்லாததால் ஐஐடி வாசல் அவருக்குத் திறக்கவில்லை.

யாரும் சொல்லாத செலவு

தமிழ்நாட்டில் சான்றிதழ் மட்டும் போதாது. எங்கே, எத்தனை வருஷம் படித்தாய் என்றும் கேட்பார்கள். அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பள்ளிக்குப் போகாமல் தனித்தேர்வராக எழுதித் தேறியவர்களுக்கு அது கிடையாது. வீட்டில் பிள்ளை முழுக்க முழுக்கத் தமிழில்தான் படித்தது என்றாலும் கணக்கில் வராது.

மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் அதே போல ஆறாம் வகுப்பிலிருந்து கணக்கு. “எங்க பிள்ளை எப்படியும் தனியார் பள்ளிதானே போயிருக்கும்” என்பவர்களுக்கு இதில் இழப்பில்லை. கப்பலூரிலோ மேலூரிலோ மாதச் சம்பளத்தில் குடும்பம் ஓட்டுகிறவர், யூடியூப் பார்த்து இதே முடிவை எடுத்தால் இழப்பு அதிகம். ஐந்தாம் வகுப்பு வயது முடிவதற்குள் ஒரு தடவை உட்கார்ந்து யோசிப்பது நல்லது. ஆறில் தவறினால் இந்த இரண்டு வாசலும் மூடிவிடும்.

தப்பித்துக்கொள்ள ஒரு கதவு சட்டத்திலேயே இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. பள்ளிக்கே போகாத பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், தேவைப்பட்டால் சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்கிறது 4ஆவது பிரிவு. ஒன்பது வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் போய் உட்காரச் சொல்ல முடியாது. டிசி இல்லை என்றோ, வருஷ நடுவில் வந்தீர்கள் என்றோ திருப்பி அனுப்பவும் முடியாது.

அந்த டீச்சர் ஏன் வீடு வீடாக வருகிறார் என்பதையும் மதுரையில் இருந்துகொண்டு புரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. 2022 செப்டம்பர் 15இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது சிம்மக்கல் அருகே, ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில். நிறையப் பிள்ளைகளுக்குப் பள்ளி என்பது அன்றைக்கான முதல் சாப்பாடு. செங்கல் சூளையிலும் பட்டறையிலும் போய் நிற்காமல் காப்பாற்றுகிற இடம். அவர் கையில் இருக்கும் படிவம் அந்தப் பிள்ளைகளுக்காக அச்சடித்தது. குப்புறப் படுத்துக் கதை படிக்கிற எட்டு வயதுக்காரிக்கு அதில் தனிக் கட்டம் இல்லை. பள்ளியில் சேர்ந்தாலொழிய அவளுக்கு எமிஸ் எண்ணும் இல்லை. எனவே அவளும் ‘பள்ளி செல்லாக் குழந்தை’ பட்டியலில்தான் வருவாள்.

டீச்சரிடம் சண்டைக்கு நிற்பதில் பிரயோஜனமில்லை, அவர் தன் வேலையைச் செய்கிறார். பிறப்புச் சான்று, ஆதார், பிள்ளை என்ன படிக்கிறது என்று தேதி போட்டு எழுதிய நோட்டுகள், என்ஐஓஎஸ்ஸின் அடிப்படைக் கல்விப் பிரிவில் (மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையானது) பதிந்திருந்தால் அதன் ரசீது. இவ்வளவும் ஒரே ஃபைலில் இருந்தால், வாசலில் நின்று விளக்குவதைவிட உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டிவிடலாம்.