கப் கேக்கின் கணக்கைச் சொல்லுங்கள்!

எம். புதுப்பட்டியிலிருந்து சிவகாசிக்குப் போனால், பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் காகிதக் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும் கப் கேக்கைப் பார்த்திருப்பீர்கள். அதில் எவ்வளவு சீனி இருக்கிறது என்று கடைக்காரரிடம் கேட்டதுண்டா? கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சிரிப்புதான் பதிலாகக் கிடைக்கும்.

பட்டாசு மருந்தில் ஒன்று எரியும், ஒன்று ஆக்சிஜன் தரும், ஒன்று நிறம் காட்டும். கேக் மாவிலும் ஒவ்வொரு பொருளுக்கும் வேலை உண்டு. சீனி இனிப்புக்கு மட்டும்தான் என்று நினைப்பது தவறு. வெண்ணெயுடனோ டால்டாவுடனோ சேர்த்து அடிக்கும்போது, சீனித் துகள்களின் கூரான விளிம்புகள் கொழுப்புக்குள் எண்ணற்ற காற்றறைகளை உண்டாக்குகின்றன. பேக்கிங் பவுடரிலிருந்து வரும் கார்பன்-டை-ஆக்சைடு அந்த அறைகளை ஊதிப் பெரிதாக்குகிறது. மைதாவின் புரதம் நீரோடு சேர்ந்து குளூட்டன் என்னும் இழுவைப் பசையாகும். விருதுநகர் பரோட்டாவுக்கு அது வேண்டும். கேக்குக்கு அவ்வளவு வேண்டாம். சீனி நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் பசை வலுப்பதில்லை. மேற்புறத்துப் பொன்னிறமும், மறுநாளும் உலராத மென்மையும்கூடப் பெருமளவு சீனியின் உபயமே. சீனிக்குப் பதில் சாக்கரின் போட்டால் இனிப்பு வரும், கேக் வராது.

சரி, எவ்வளவு சீனி? மைதா, சீனி, வெண்ணெய், முட்டை நான்கும் சம எடை என்பது பழைய கேக் கணக்கு. அப்படியானால் 60 கிராம் மாவில் செய்த ஒரு கப் கேக்கில் 15 கிராம் சீனி. இரண்டு கரண்டி சீனி போட்ட டீயையும் சேர்த்தால் ஏறக்குறைய 23 கிராம். மேலே கிரீம் பூசியிருந்தால் கணக்கு இன்னும் ஏறும். நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவர், சேர்க்கப்படும் சர்க்கரையை 50 கிராமுக்குள் வைக்க வேண்டும், 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் தந்த அளவு.

“எங்கள் கேக்கில் சீனியே இல்லை, கருப்பட்டிதான்” என்ற விளம்பரத்தையும் நீங்கள் பார்த்திருக்கலாம். கருப்பட்டியின் மணம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதன் பெரும்பகுதி சுக்ரோஸ்; சீனியும் சுக்ரோஸ்தான். அதிலுள்ள சிறிதளவு தாது உப்புக்கள் இந்தக் கணக்கை மாற்றிவிடாது. இந்த விளம்பரத்தை நம்பி, சர்க்கரை நோயுள்ள பாட்டிக்கு இரண்டு கேக் கொடுத்துவிடாதீர்கள்!

உறையிட்ட கேக்கில் சேர்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. சீனி இரண்டாவது இடத்தில் இருந்தால் விஷயம் புரிந்துவிடும். இத்தகைய உறைகளையும் லேபிள்களையும் நாடெங்கும் அச்சிட்டு அனுப்பும் ஊர் சிவகாசி. ஆனால் அதே ஊரில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கேக்குக்கு லேபிளே கிடையாது. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

2025 மே மாதத்தில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் பள்ளிகளில் ‘சர்க்கரைப் பலகை’ வைக்கச் சொன்னது. நம் பள்ளிகளிலும் அது வேண்டும். அதைவிட முக்கியமாகப் பேக்கரியில் வேண்டும். பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் தேவையில்லை. ஒரு தடவைக்கு எத்தனை கிலோ சீனி, அதில் எத்தனை கேக்? இந்த இரண்டு எண்களைக் கடைக்காரர் சொன்னால் போதும். மீதியை நீங்களே வகுத்துவிடலாம்.