இலவச நிரலுக்கும் நிபந்தனை உண்டு

சென்ற பருவத்தில் நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரு கைப்பேசிச் செயலியை உருவாக்கினோம். துணைப்பாட வகுப்பு நடத்தும் தொண்டூழியர்கள் மாணவர் வருகையைப் பதிவுசெய்ய உதவும் செயலி அது. நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. பிறகு, தொண்டூழியர் குழு ஒன்று அதைத் தங்களுக்குத் தர முடியுமா என்று கேட்டது. எங்களால் தர முடியவில்லை.

செயலியில் கோளாறு எதுவும் இல்லை. அதில் நாங்கள் சேர்த்திருந்த இரண்டு திறந்த மூல நிரல் தொகுப்புகளின் உரிமங்கள் ஒத்துப்போகவில்லை. ஒன்று ‘ஜிபிஎல்’ இரண்டாம் பதிப்பின்கீழ் மட்டுமே வெளியானது. மற்றது ‘அப்பாச்சி 2.0’ உரிமத்தில் வந்தது.

இரண்டும் இலவசம்தானே, பிறகென்ன சிக்கல் என்று கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால், திறந்த மூல நிரலுக்கும் பதிப்புரிமை உண்டு. எழுதியவரின் நிபந்தனைகளை ஏற்றால்தான் அதைப் பிறருக்கு வழங்க முடியும்.

1991ல் வெளிவந்த ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு, தன் நிரலைச் சேர்த்து உருவாக்கிய முழுப் படைப்பையும் அதே உரிமத்தில் வழங்கச் சொல்கிறது. கூடுதல் கட்டுப்பாடு எதையும் அது அனுமதிப்பதில்லை. 2004ல் வந்த அப்பாச்சி 2.0 உரிமத்திலோ ஒரு விதி இருக்கிறது. அந்த மென்பொருள் தம் கண்டுபிடிப்புக் காப்புரிமையை மீறுவதாக ஒருவர் வழக்குத் தொடுத்தால், அவருக்குக் கொடுக்கப்பட்ட காப்புரிமை அனுமதி ரத்தாகும். நியாயமான விதிதான். ஆனால், ஜிபிஎல் இரண்டாம் பதிப்பைப் பொறுத்தவரை இது கூடுதல் கட்டுப்பாடு.

2007ல் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு இந்த முரணைத் தீர்த்தது. முதல் தொகுப்பை எழுதியவர் ‘அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு’ என்று சேர்த்திருந்தால் எங்களுக்குச் சிக்கலே வந்திருக்காது.

பெரிய நிறுவனங்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய ‘இசட்எஃப்எஸ்’ கோப்பு முறைமை 2005ல் ‘சிடிடிஎல்’ உரிமத்தில் திறந்துவிடப்பட்டது. லினக்ஸ் கெர்னலோ ஜிபிஎல் இரண்டாம் பதிப்பில் உள்ளது. 2016ல் கேனானிக்கல் நிறுவனம் உபுண்டு 16.04 பதிப்போடு இசட்எஃப்எஸ்ஸைச் சேர்த்து வழங்கியபோது, அது உரிம மீறல் என்று எதிர்ப்பு எழுந்தது. சன் நிறுவனத்தை வாங்கிய ஆரக்கிளிடமிருந்து அதிகாரபூர்வக் கடிதம் வராதவரை அதைக் கெர்னலில் சேர்க்கப்போவதில்லை என்று 2020ல் லினஸ் டோர்வால்ட்ஸ் சொல்லிவிட்டார்.

மாணவர் திட்டப்பணிமீது யார் வழக்குப் போடப்போகிறார்கள் என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒருவேளை யாரும் போடமாட்டார்கள். ஆனால், பிறர் உழைப்பை எடுத்துக்கொண்டு அவர் கேட்ட ஒரே கைம்மாறை மறுப்பது சரியா? நம் நிரலைப் பிறர் அப்படி எடுத்தால் நாம் சும்மா இருப்போமா?

நிரலிடுதல் கற்பிக்கும் பாடங்களில் உரிமங்களைப் பற்றி முதல் வாரத்திலேயே சொல்லித்தர வேண்டும். அதுவரை நாமே சிலவற்றைச் செய்யலாம். ஒரு தொகுப்பைச் சேர்க்குமுன் அதன் உரிமக் கோப்பைத் திறந்து பாருங்கள். உரிமமே இல்லையென்றால் தொடாதீர்கள். பொதுவெளியில் இருப்பதாலேயே அது எல்லாருக்கும் சொந்தமாகிவிடாது. உங்கள் நிரலை வெளியிடும்போதும், பலரும் பயன்படுத்தும் உரிமம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் குறிப்பிடுங்கள். சொந்தமாக ஒன்றை எழுதினால், அடுத்து வருபவருக்கு இன்னொரு முரண்தான் மிஞ்சும்.

ஜிபிஎல் தொகுப்பை நீக்கிவிட்டு, அதன் வேலையைச் செய்யும் பகுதியை நாங்களே எழுத மூன்று வாரம் பிடித்தது. இப்போது அந்தத் தொண்டூழியர்கள் செயலியைப் பயன்படுத்துகிறார்கள். உரிமக் கோப்பின் முதல் வரியைத் தொடக்கத்திலேயே படித்திருந்தால் அந்த மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.