ஜெயில் மந்திரிக்கு என்ன வேலை?

மந்திரிசபை அமைந்து இலாகாக்கள் பிரிக்கப்படும்போது, நிதி யாருக்கு, உள்நாடு யாருக்கு, மராமத்து யாருக்கு என்று ஊரே பேசுகிறது. 'சிறைச்சாலைகள்' என்ற சொல் எந்த மந்திரியின் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று கவனிப்பவர்கள் சிலரே. காரணம் உண்டு. 1951-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, தடுப்புக் காவல் கைதி தவிர, ஜெயிலில் கிடப்பவன் எவனும் ஓட்டுப் போட முடியாது. குற்றவாளியென்று தீர்ப்பாகாதவனுக்கும் இதே கதிதான். ஓட்டில்லாதவனை நினைத்து எந்த மந்திரிக்குத் தூக்கம் கெடும்?

அந்த ஓட்டில்லாதவர்கள் யார்? 2022-ம் வருஷக் கடைசியில் இந்தியாவின் ஜெயில்களில் இருந்தோர் 5,73,220 பேர் என்று மத்திய சர்க்காரின் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் கொடுத்தது. அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் இன்னும் தீர்ப்பே ஆகாதவர்கள்! ஜாமீன் உத்தரவு கைக்கு வந்தும், ஜாமீன் நிற்க ஆள் கிடைக்காமல் உள்ளே கிடப்பவர்களும் இதில் அடக்கம்.

நம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். 2021 ஆகஸ்டில் சுருக்குமடி வலைத் தகராறில் வீராம்பட்டினத்தாரும் நல்லவாட்டாரும் மோதிக்கொண்டதும், போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டதும் நினைவிருக்கும். அந்தத் தகராறின் நியாய அநியாயம் இங்கே நமது விஷயமல்ல. இதுபோன்ற வழக்கொன்றில் படகு முதலாளியும், பங்குக்கு வலை இழுக்கும் கூலியும் சேர்ந்து பிடிபட்டால் என்ன ஆகும்? முதலாளிக்கு வீட்டுப் பத்திரம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். ஜாமீன் உத்தரவான அன்றே வீடு வந்து சேருவார். கூலிக்காரன் குடியிருப்பதோ புறம்போக்கு. எந்தச் சொத்தைப் பார்த்துத் தாசில்தார் அவனுக்குச் சான்று கொடுப்பார்? பாகூரில் நடவுக்குப் போகும் ஒரு தாய், டவுனுக்கு வந்து, அங்கிருந்து வடக்கே காலாப்பட்டு ஜெயிலுக்கு வேறு பஸ் ஏறி, மகன் முகத்தைப் பார்த்துத் திரும்புவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. ஒரே குற்றச்சாட்டு, ஒரே கோர்ட்டு. தண்டனை மட்டும் ஏழைக்கு, அதுவும் விசாரணைக்கு முன்பே!

1978-ல் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவரின் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. அவருக்கு ஏற்கெனவே ஜாமீன் உத்தரவாகியிருந்தது. கீழே மாஜிஸ்திரேட்டு 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். சகோதரர் முன்வந்தார். அவருடைய சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறதென்று தள்ளிவிட்டார்கள். தொகையை 1,000 ரூபாயாக்கி, சொந்தப் பிணையிலேயே கொத்தனாரை விடச் சொன்னவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர்.

இந்தக் கிருஷ்ணய்யர் யார்? நமது மாஹேக்குப் பக்கத்துத் தலச்சேரியில் வக்கீலாக இருந்தவர். போலீஸ் சித்திரவதையை எதிர்த்ததால் 1948-ல் ஒரு மாதம் உள்ளே இருந்தவர். 1957-ல் ஈ. எம். எஸ். தலைமையில் கேரளத்தில் அமைந்த கம்யூனிஸ்ட் மந்திரிசபையில், சுயேச்சையாக நின்று ஜெயித்த அவரிடம்தான் சட்டம், உள்நாடு ஆகியவற்றோடு ஜெயில் இலாகாவும் இருந்தது. ஏழைக்குச் சட்ட உதவி, கைதிக்கு உரிமை என்ற பேச்சு மந்திரி மேஜையிலிருந்தே கிளம்பியது. 1959 ஜூலை 31-ல் டில்லி அந்த மந்திரிசபையைக் கலைத்துவிட்டது.

வேறு விதமான நிர்வாகத்தையும் தமிழ்நாடு கண்டிருக்கிறது. 1950 பிப்ரவரி 11-ல் சேலம் ஜெயிலுக்குள் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் மாண்டார்கள். அப்போதும் சென்னை சர்க்காரில் ஜெயிலுக்கென்று ஒரு மந்திரி இருக்கத்தான் செய்தார்!

மந்திரியால் என்ன முடியும் என்று கேட்கலாம். ஜாமீன் கொடுப்பது கோர்ட்டு, கோப்போ ராஜ்நிவாசில் இருக்கிறது என்று நமது மந்திரிகள் சொல்வது பழகிய பாட்டு. ஆனால் அரசியல் சட்டத்தில் ஜெயில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவைப் பாருங்கள். முதல் தடவை வழக்கில் சிக்கியவன், அதிகபட்சத் தண்டனையில் மூன்றிலொரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் பிணையில் விட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதிக் காலம். தூக்கு அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றமானால் கிடையாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு இருந்தாலும் கிடையாது. காலம் முடிந்ததும் கோர்ட்டுக்கு எழுத வேண்டிய பொறுப்பு ஜெயில் சூப்பரின்டென்டென்டுடையது. சூப்பரின்டென்டென்ட் யாருக்குக் கீழே? மந்திரிக்குக் கீழே. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

நன்னடத்தைச் சட்டம் 1958-ல் வந்தது. சென்னை ராஜதானியில் 1936-லேயே இப்படியொரு சட்டம் உண்டு. ஆயுள் தண்டனைக்குரியதல்லாத குற்றத்தில் 21 வயதுக்குக் குறைந்தவனை ஜெயிலுக்கு அனுப்புவதானால், நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைக் கேட்டுப் பார்த்து, காரணத்தையும் கோர்ட்டு எழுத வேண்டும். அந்த அதிகாரி நமது குப்பத்துக்கும் சேரிக்கும் நடந்து வந்து, பையன் என்ன வேலை செய்கிறான், வீட்டில் யார் யார் என்று விசாரித்தால்தானே அறிக்கை? போதுமான ஆட்களை நியமிப்பது சர்க்காரின் கையில் இருக்கிறது. நம்மவர்களும் வக்கீலிடம் இந்தச் சட்டத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்காதவனுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

பணமில்லாத கைதிகளுக்காக 2023-ல் மத்திய சர்க்கார் ஒரு திட்டம் போட்டது. விசாரணைக் கைதியின் ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரையிலும், தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரையிலும் ஜில்லாக் கமிட்டி தரலாம் என்று அப்போது வகுத்தார்கள். ஜெயில் விதிகளில் சாதி பார்த்துக் கூட்டும் வேலை, மலம் அள்ளும் வேலை ஒதுக்குவது செல்லாது, விதிகளைத் திருத்துங்கள் என்று 2024 அக்டோபர் 3-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. இவை இரண்டும் மந்திரியின் கையெழுத்தில்லாமல் நகராது.

ஆடி மாதம் செங்கழுநீரம்மன் தேருக்கு வடம் பிடிக்கக் கவர்னரும் முதல் மந்திரியும் வீராம்பட்டினம் வருவது பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து வழக்கம். மனுவோடு நிற்க அது நல்ல சமயம். சட்டசபையிலும் ஜெயில் மந்திரியிடம் நாம் கேட்பது இவ்வளவே: ஜாமீன் உத்தரவாகியும் காலாப்பட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர்? 479-வது பிரிவின் கீழ் சூப்பரின்டென்டென்ட் கோர்ட்டுக்கு எழுதியது எத்தனை பேருக்கு? 2023 திட்டத்தில் எத்தனை ஏழைகளுக்குப் பணம் கட்டி வெளியே விட்டீர்கள்? பதிலை எண்ணிக்கையில் சொல்லுங்கள்.