கடைசி வரிசைப் பிள்ளையைப் பாருங்கள்



பள்ளி விடுமுறை நெருங்கும் மாதங்களில் நமக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். ஆயக்குடி, நெய்க்காரப்பட்டி, பாலசமுத்திரம் என்று பழனிச் சுற்றுவட்டாரம் முழுக்க அதையேதான் கேட்கிறார்கள்: பிள்ளையைச் சிலம்பத்தில் சேர்க்க வேண்டும், நல்ல வாத்தியாரை எப்படிக் கண்டுபிடிப்பது? சிலர் தங்களுக்காகவே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இந்தப் பக்கத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

பழனிக்குச் சிலம்பம் புதிதல்ல. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பாதயாத்திரையாக வரும் கூட்டங்களில், காவடிக்கு முன்னால் கம்பு சுற்றிக்கொண்டு வருபவர்களைக் கிரிவீதியில் நின்று பார்த்துத்தான் நம் பிள்ளைகளுக்கு ஆசையே பிறக்கிறது. அரசும் இப்போது இந்தக் கலைக்குக் கைகொடுத்திருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. முதலமைச்சர் கோப்பையிலும் உண்டு. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சேர்ந்திருக்கிறது. இதனால் பயிற்சிப் பள்ளிகளின் பெயர்ப் பலகைகள் பெருகிவிட்டன. எந்தப் பலகைக்குக் கீழே நல்ல வாத்தியார் இருக்கிறார் என்பதுதான் பெற்றோரின் திகைப்பு.

நான் சொல்வது ஒன்றுதான். பணம் கட்டும் முன் ஒரு மாலை முழுவதும் களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பாருங்கள். அப்படிப் பார்க்கும்போது முன்வரிசையில் சுழற்றுகிற கெட்டிக்காரப் பிள்ளையைப் பார்க்காதீர்கள். அவன் எங்கே போனாலும் கற்றுக்கொள்வான். கடைசி வரிசையில், போன வாரம் சேர்ந்து, எது வலது கால் எது இடது கால் என்று தடுமாறுகிற பிள்ளையைப் பாருங்கள். வாத்தியார் அந்தப் பிள்ளையிடம் எத்தனை முறை வருகிறார், வந்தால் என்ன பேசுகிறார் என்று கவனியுங்கள். உங்கள் பிள்ளை முதல் மூன்று மாதம் நிற்கப்போகிற இடம் அதுதான்.

ஊருக்கு வெளியே ஒரு களத்தில் அப்படி உட்கார்ந்திருந்தேன். செம்மண் தரையில் சுண்ணாம்புப் பொடியால் முக்கோணம் போட்டிருந்தார்கள். எட்டு வயதிருக்கும் ஒரு சிறுமி, கையில் கம்பில்லாமல், அந்த மூன்று முனைகளிலும் மாறி மாறிக் கால் வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பும்போதெல்லாம் பின்னங்கால் எழும்பியது. வாத்தியார் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "கண்ணு, பாதத்தைத் தொட்டுக் காட்டட்டுமா?" என்று கேட்டார். அவள் தலையாட்டிய பிறகுதான் குதிகாலைப் பிடித்துத் தரையில் பதித்து, விரல்களை வெளிப்பக்கம் திருப்பிவிட்டார். "இப்பத் திரும்பு." திரும்பினாள். உடம்பு சாயவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. அவள் அம்மா மட்டும் பொறுக்க மாட்டாமல், "ஒரு மாசமாச்சுங்க வாத்தியாரே, இன்னும் கம்பே குடுக்கலையே?" என்றார். "இன்னும் ரெண்டு வாரம் போகட்டுங்கம்மா. இப்பக் குடுத்தா தன் கணுக்காலையே அடிச்சுக்குவா" என்றார் அவர்.

சிலம்பத்தைத் தெரிந்தவர் பேச்சு அது. கம்பின் வேகம் மணிக்கட்டில் இல்லை, காலடியிலிருந்து இடுப்பு வழியாக ஏறி வருவது. காலைப் பழக்காமல் கையை மட்டும் சுழற்றினால் வீச்சு கண்ணுக்கு அழகாக இருக்கும். எதிரே ஒருவன் கம்போடு நின்றால் ஒன்றும் நிற்காது. மணிக்கட்டும் வலி கண்டுவிடும். வணக்கம், காலடி, ஒற்றைக்கை வீச்சு, இரட்டைக்கை வீச்சு, பிறகு ஜோடி சேர்ந்து அடியும் தடுப்பும் என்று படிப்படியாகப் போகிற இடம் நம்பத்தகுந்தது. சேர்ந்த மாதமே சுருள்வாளையும் தீப்பந்தத்தையும் பிள்ளை கையில் கொடுத்துப் படம் எடுத்துப் போடுகிற இடத்துக்குப் போகவே வேண்டாம்.

சான்றிதழ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்; கராத்தே பெல்ட்டிலிருந்து தொடங்கலாம். ஜப்பானில் ஜிகோரோ கானோ 1882-ல் ஜூடோவுக்காக கொடோகான் பள்ளியைத் தொடங்கி, மறு வருடம் தன் மாணவர்களுக்குத் தரநிலை கொடுத்தார். கராத்தேயைப் பரப்பிய கிச்சின் ஃபுனாகோஷி 1920-களில் அந்த முறையை எடுத்துக்கொண்டார். மஞ்சள், பச்சை, நீலம் என்று வண்ண வண்ணமாகப் பெல்ட்டுகள் வந்ததெல்லாம் அதற்கும் பிறகு. கற்றவன் எங்கே நிற்கிறான் என்று சொல்ல வந்த ஏற்பாடு அது. இன்று பல இடங்களில் ஒவ்வொரு பெல்ட்டுக்கும் ஒரு தேர்வு, ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு கட்டணம் என்று ஆகிவிட்டது. மரபாகப் பெல்ட்டே இல்லாத சிலம்பத்திலோ 'உலக சாதனை' வந்து சேர்ந்திருக்கிறது. வெயிலில் மணிக்கணக்காக நிற்கவைத்துக் கம்பு சுற்றச் சொல்லி, கேடயத்துக்கென்று தனியாகப் பணமும் வாங்குகிறார்கள். சின்னப் பிள்ளைகளின் தோளும் மணிக்கட்டும் அதற்கா வளர்கின்றன? எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. வேலை ஒதுக்கீட்டுக்கு எல்லாச் சான்றிதழும் செல்லாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எந்தப் போட்டி கணக்கில் வரும் என்று திண்டுக்கல்லில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். வாத்தியார் சொன்னார் என்று மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

முதல் நாளே ஊர், தெரு, சொந்தபந்தம் என்று துருவி, 'யார் வீட்டுப் பிள்ளை' என்பதை வைத்துப் பாடம் பிரிக்கிற வாத்தியார் எவ்வளவு பெரிய வித்தைக்காரராக இருந்தாலும் வேண்டாம். இதற்கு நேர்மாறாக, கேரளத்து வடகரையில் களரிப்பயிற்றுக் கற்றுத்தரும் கடத்தநாடன் களரி சங்கம் இருக்கிறது. சாதியைக் காட்டி மற்ற களரிகளில் தன்னைச் சேர்க்க மறுத்ததால் ராகவன் குருக்கள் தொடங்கிய களரி அது. ஏழு வயதில் களரி பழகத் தொடங்கிய மீனாட்சி அம்மா, பின்னாளில் அவரை மணந்து, அவர் மறைவுக்குப் பிறகு அங்கே தலைமை ஆசானானார். 2017-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அங்கே மாதக் கட்டணம் கிடையாது. மாணவர் மனமுவந்து வைக்கிற குருதட்சிணைதான். நம் ஊரில் எல்லா வாத்தியாரும் அப்படி நடத்த முடியாது, அவருக்கும் குடும்பம் உண்டு. நியாயமான கட்டணத்தைப் பேரம் பேசாமல் கொடுங்கள். சீருடை, கம்பு, போட்டி, பயணம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எவ்வளவு ஆகும் என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பெற்றோர் உட்கார்ந்து பார்க்கக் கூடாது என்று சொல்லும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். காரணம் எதுவானாலும் சரி. வெளியூர்ப் போட்டிக்கு யார் கூட்டிப்போகிறார்கள், பெண்பிள்ளைகளுடன் பெண் துணை உண்டா, இரவு எங்கே தங்குகிறார்கள் என்று கேட்டால் நல்ல வாத்தியார் கோபித்துக்கொள்ள மாட்டார். பயிற்சி முடிந்து வரும் பிள்ளை திடீரென்று 'இனிமேல் போகமாட்டேன்' என்றால், சோம்பேறித்தனம் என்று திட்டாமல் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். தப்பாக ஏதும் தெரியவந்தால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. அடித்தால்தான் வித்தை வரும் என்பதையும் நான் ஏற்கவில்லை. ஜோடிப் பயிற்சியில் விழும் அடி வேறு, கோபத்தில் விழும் அடி வேறு. பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

பக்கத்தில் நல்ல சிலம்ப வாத்தியார் இல்லை, ஆனால் பொறுமையான கராத்தே மாஸ்டர் ஒருவர் இருக்கிறார் என்றால் தயங்காமல் அவரிடம் சேருங்கள். நல்ல ஆளிடம் பழகிய காலும் கண்ணும் பிறகு எந்தக் கலைக்குப் போனாலும் கூடவே வரும்.

நாற்பதைத் தாண்டியவர்களும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேரலாம். முட்டிவலி, ரத்த அழுத்தம், பழைய எலும்பு முறிவு ஏதும் இருந்தால் முதல் நாளே வாத்தியாரிடம் சொல்லிவிடுங்கள். இருபது வயதுப் பையன்களோடு அதே வேகத்தில் உங்களையும் குதிக்கச் சொல்கிறாரா, உங்களுக்கென்று வேகத்தைக் குறைக்கிறாரா என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். கம்பை மட்டும் முன்கூட்டியே கடையில் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். நிற்கவைத்து, நெற்றி உயரம் பார்த்து, உங்களுக்கு ஏற்ற அளவை வாத்தியாரே சொல்லுவார்.

அன்புடன்,
ஆசிரியர்