ஹெர்-2 புரதமும் ஒரு ஊசியின் விலையும்

"ஆராய்ச்சிக்கு அவ்வளவு செலவாச்சு, அதான் இவ்வளவு விலை." புற்றுநோய் மருந்தின் விலையைப் பற்றி யார் கேட்டாலும் கம்பெனிகள் சொல்லும் பதில் இது. ஹெர்-2 கதையைப் படித்தால் இந்தப் பதில் எவ்வளவு அரைகுறை என்று புரியும்.

ஹெர்-2, செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம். "வளர், இரண்டாகப் பிரி" என்று உள்ளே தகவல் அனுப்புவது அதன் வேலை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் 15 முதல் 20 சதவீதம் பேருக்கு இந்தப் புரதம் அளவுக்கு மீறிப் பெருகுகிறது. தகவல் போவது நிற்பதே இல்லை. கட்டி வேகமாக வளர்ந்து மற்ற உறுப்புகளுக்கும் பரவுகிறது.

இதன் ஆபத்தை 1987-ல் காட்டியது டென்னிஸ் ஸ்லாமன் குழு. அவர் வேலை பார்த்தது கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகத்தில். அவருடைய ஆய்வுக்குப் பிறகு பணம் கொடுத்தவர்களில் லிப்ஸ்டிக் விற்கும் ரெவ்லானும் உண்டு! ஜெனென்டெக் கம்பெனியும் உழைத்தது, மறுப்பதற்கில்லை. ட்ராஸ்டுசுமாப் ஊசி 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆரம்ப நிலையில் கொடுத்தால் நோய் திரும்பி வரும் ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது என்று 2005-ல் தெரிந்தது.

ஆனால் விலை? ஒரிஜினல் மருந்துக்குச் சராசரியாக 20,000 டாலர் என்றது உலக சுகாதார நிறுவனம். டிசம்பர் 2019-ல் அதே நிறுவனம் தரச்சான்று கொடுத்த மாற்று மருந்தோ பொதுவாக 65 சதவீதம் மலிவு. ஆராய்ச்சிச் செலவா திடீரென்று குறைந்தது? இல்லை, போட்டி வந்தது. அவ்வளவுதான்.

விலை ஏறினால் வாங்குவது குறையும் என்பது பாடப்புத்தகம். உயிருக்குப் போராடுபவர் வீட்டை விற்றாவது வாங்குவார். ஏகபோகத்துக்கு இதைவிட வசதியான சந்தை ஏது?

இந்தியாவில் ரோஷ் 2013-ல் காப்புரிமையைக் கைவிட்டது. அதே ஆண்டு பயோகானின் மாற்று மருந்துக்கு அனுமதி கிடைத்தது. 2014-ல் ரோஷ் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. காப்புரிமை போனாலும் போட்டியாளரை விடுவதாக இல்லை!

"விலை குறைந்தால் புது மருந்தே வராது" என்பது அடுத்த பூச்சாண்டி. மலிவு மருந்துக்குச் சான்று கிடைத்த அதே டிசம்பர் 2019-ல்தான் ஹெர்-2 வுக்கான புது மருந்து ட்ராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்திய அரசு 2024 பட்ஜெட்டில் அதன் சுங்க வரியை நீக்கியது. நல்லதுதான். ஆனால் அந்த வரி வெறும் பத்து சதவீதம். மலை போன்ற விலையில் ஒரு கூடை மண்ணை அள்ளியது போல.

அரசே மொத்தமாகக் கொள்முதல் செய்து விலை பேச வேண்டும், மாற்று மருந்துகளுக்குத் தாமதமில்லாமல் அனுமதி தர வேண்டும். 'ஹெர்-2 பாசிட்டிவ்' என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, மருந்துக்கு வழி காட்டாமல் அனுப்புவது வைத்தியம் ஆகாது.