இருவருக்கு ஒரே பந்து

அமெரிக்காவுக்கும் பிரிட்டன்–அயர்லாந்துக்கும் இடையிலான பெண்கள் அமெச்சூர் கோல்ஃப் போட்டியான கர்டிஸ் கோப்பையில் நான் தவறவிடாத ஆட்டம் ஃபோர்சம்தான். ஜோடிக்கு ஒரே பந்து. இருவரும் மாறி மாறி அடிக்க வேண்டும். தோழி அடித்த பந்து புதருக்குள் போய் விழுந்தால், அங்கே முழங்கால் மடக்கி நின்று அதை வெளியே அடிக்க வேண்டியது நீங்கள். முகம் சுளித்தால் அடுத்த குழியும் போயிற்று. ஆண்டு முழுக்கத் தனக்காகவே ஆடிப் பழகியவர்களுக்கு இது எளிதல்ல.

1932இல் வென்ட்வொர்த்தில் நடந்த முதல் போட்டியையே பாருங்கள். பிரிட்டன் அணியில் பெரும் வீராங்கனை ஜாய்ஸ் வெதர்ட் இருந்தார். ஒற்றையரில் அமெரிக்காவின் கிளென்னா காலெட் வேரை வென்றும் காட்டினார். ஆனால் மூன்று ஃபோர்சம் ஆட்டங்களையும் அமெரிக்கா அள்ளிக்கொண்டது. கிண்ணமும் அந்நாட்டுக்கே போயிற்று.

இருவர் சேர்ந்து ஆடும் அந்தக் கிண்ணத்தைக் கொடுத்த கர்டிஸ் சகோதரிகளும் முன்பு தனித்தனியாக எதிரெதிரே நின்றவர்கள்தாம்: 1907 அமெரிக்க அமெச்சூர் இறுதியில் தங்கை மார்கரெட், அக்கா ஹாரியட்டைத் தோற்கடித்தார்.

கர்டிஸ் கோப்பையில் பரிசுப் பணம் கிடையாது; ஆனாலும் போட்டி கடுமைதான். 2024இல் சன்னிங்டேலில் பிரிட்டன்–அயர்லாந்து அணி 10½–9½ என ஒரே புள்ளியில் வென்றது. ஒரு புள்ளியே முடிவைத் தீர்மானிக்கும்போது, ஃபோர்சம் பழைய பாணி என்று யாராவது ஒதுக்கினால் நான் ஏற்க மாட்டேன். கோல்ஃப் பழகும் பெண் பிள்ளைகளை, தயவுசெய்து, வாரம் ஒருநாளாவது ஒரே பந்தில் ஜோடியாக ஆட விடுங்கள்.