கோவிந்துவின் கோடுகள்

கறுப்புப் பின்னணியில் நீலமும் பச்சையுமாய் ஒளிரும் ஆர்க்கிட் பூ. கீழே, ‘தேனீயின் கண்ணுக்கு இப்படித்தான் தெரியும்’ என்று ஒரு வரி. இந்த வாரமும் வாட்ஸ்அப்பில் வலம்வந்த இந்த வகைப் படம் எரிச்சலைத்தான் கிளப்புகிறது. இருட்டில் பூவின் மேல் புறஊதா விளக்கை அடித்தால், அதிலுள்ள சில வேதிப்பொருள்கள் அந்தக் கதிரை வாங்கி, நமக்குத் தெரியும் ஒளியாக உமிழும். சாதாரண கேமராவே அதைப் பிடித்துவிடும். தேனீ பட்டப்பகலில் காண்பது வேறு. வெயிலிலுள்ள புறஊதாவை இதழின் எந்தப் பகுதி திருப்பி அனுப்புகிறது, எது விழுங்கிக்கொள்கிறது என்பதே அதற்குத் தெரியும் கோலம். அதைப் படமெடுக்க, சென்சாரின் முன்னுள்ள தடுப்பைக் கழற்றிவிட்டு, புறஊதாவை மட்டும் விடும் ஃபில்டரை லென்ஸில் மாட்ட வேண்டும். அப்போதும் படத்திலுள்ள நிறம் நாம் பூசியதுதான். மனிதக் கண் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரை பார்க்கும். தேனீயின் கண் 300 முதல் 650 வரை.

நிறமே பொய்யென்றால் படம் எதற்கு என்று கேட்கலாம். பதில் நம் கோவையிலேயே இருக்கிறது. 1840களில் பருத்திச் சோதனைப் பண்ணைகளுக்காக இங்கே தங்கியிருந்த தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் ‘ஐகோன்ஸ்’ என்ற தாவரப் பட நூல் 1838 முதல் 1853 வரை வெளிவந்தது. மொத்தம் 2,101 படங்கள். அவரிடம் வேலைபார்த்த ஓவியர்களான ரங்கையாவும் அவருக்குப்பின் கோவிந்துவும் வரைந்தவை ஏராளம். பெரும்பாலும் வண்ணமே இல்லாத வெறும் கோடுகள். ஆனால் தாளின் நடுவே செடி, ஓரத்தில் அதே பூவின் உதடும் மகரந்தத் திரளும் பிரித்துப் பெரிதாக்கப்பட்டிருக்கும். எது எந்த உறுப்பு என்பதில் குழப்பமில்லை. அதனால்தான் தாவரவியலாளர்கள் இன்றும் அவற்றைப் புரட்டுகிறார்கள். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் ‘கோவிந்தூயா’ என்று பெயரிட்டார். பின்னாளில் அது டிராபீடியாவுக்குள் சேர்க்கப்பட்டு, பெயர் வழக்கொழிந்தது. அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அழகான படம் நாலு பேரைக் காட்டுப்பூ பக்கம் திருப்பினால் நல்லதுதானே என்பார்கள். நல்லதுதான், விளக்கடித்து எடுத்தது என்று சொல்லிப் போட்டால். தேனே வைக்காமல் பூச்சிகளை ஏமாற்றி வரவழைக்கும் ஆர்க்கிட்கள் பல உண்டு. எந்த அடையாளத்தைக் காட்டி ஏமாற்றுகின்றன என்று ஆராய்பவருக்கு, சாதாரண ஒளி, புறஊதா என இரண்டு ஒளியிலும் எடுத்த படம் சாட்சி. தவறான குறிப்பு அந்தச் சாட்சியைக் கெடுத்துவிடும். உலர்த்தி ஒட்டிய மாதிரிகளில் பூவின் நிறம் மங்கிவிடுவதால், படத்தின் பொறுப்பு இன்னும் கூடுகிறது.

மதுக்கரை, வாளையாறு அடிவாரங்களுக்குக் கேமராவோடு போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மரத்தில் வாண்டா ஆர்க்கிட் பூத்திருந்தால் பறிக்காதீர்கள். ஒரே பூவை, ஒரே கோணத்தில், இரண்டு ஒளியிலும் எடுங்கள். எந்த ஃபில்டர், வெயிலா விளக்கா, எத்தனை மணி என்று எழுதிவையுங்கள். அந்த மரம் நிற்கும் இடத்தை மட்டும் பொதுவில் போடாதீர்கள். செடியைப் பிடுங்கி விற்பவர்களும் அதைப் பார்ப்பார்கள்.